வாலை நிமிர்த்திவிடாதீர்கள்: வளர்ப்புப் பிராணியை முதல்முறை வரையக் கொடுப்பவர்களுக்கு

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். எங்கள் வீட்டுப் பூனையின் வாலை ஓர் ஓவியர் பத்தே நாளில் நிமிர்த்திக் கொடுத்துவிட்டார்.

எங்கள் மலேசியாவில் கம்பத்துப் (கிராமத்துப்) பூனைகளோடு பழகியவர்களுக்குத் தெரியும், எத்தனையோ பூனைகளுக்கு வால் குட்டையாக இருக்கும், இல்லையென்றால் முடிச்சுப் போட்டதுபோல் மடங்கியிருக்கும். அடிபட்டதில்லை, பிறவியே அப்படி. எங்கள் சம்பாலுக்கும் (மிளகாய்ச் சம்பால் மாதிரி நிறத்தைப் பார்த்து மகள் வைத்த பெயர்) வால் பாதியில் வலப்பக்கம் திரும்பி நிற்கும், தூரத்திலிருந்து பார்த்தால் கேள்விக்குறி மாதிரி. இணையத்தில் கண்ணில் பட்ட ஓர் ஓவியருக்கு ஒரே ஒரு புகைப்படத்தை அனுப்பி, 180 வெள்ளியை (ரிங்கிட்) முழுசாகக் கட்டி, "அழகா வரைஞ்சு கொடுங்க" என்று மட்டும் சொன்னேன். அழகாகத்தான் வரைந்தார். வால் நேராக, நீளமாக, பணக்கார வீட்டுப் பாரசீகப் பூனைக்கு இருப்பதுபோல் புசுபுசுவென்று இருந்தது. கேட்டால், புகைப்படத்தில் வால் ஏதோ கோணலாகத் தெரிந்தது, நானே சரிசெய்துவிட்டேன் என்றார். மகள் படத்தைப் பார்த்துவிட்டு, "இது யார் வீட்டுப் பூனைப்பா?" என்றாள்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சம்பாலை அவர் பார்த்ததே கிடையாது, நானும் வாலைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று படங்கள் வரையக் கொடுத்து வாங்கிவிட்டேன், மூன்றும் சொன்னபடி வந்தன. ஓவியர்கள் மாறியது ஒரு காரணம் என்றாலும், பெரிய காரணம் நான் பேசக் கற்றுக்கொண்டதுதான். முதல்முறை இதில் இறங்குகிறவர்கள் என் 180 வெள்ளியைத் திரும்பவும் தொலைக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல். ஓவியர்களின் பக்கங்களில் "கமிஷன் ஓப்பன்" என்று போட்டிருப்பார்கள். என் மாமா இதைப் பார்த்துவிட்டு, "படத்துக்கு நடுவுல புரோக்கர் வேறயா?" என்று கேட்டார். நம் பேச்சில் கமிஷன் என்றால் தரகுப் பணம்தான், ஆனால் ஓவியர்கள் சொல்லும் கமிஷன் வேறு: நீங்கள் கேட்டபடி உங்களுக்காகவே வரைந்து தரும் வேலை. ஓப்பன் என்றால் இப்போது வேலை எடுத்துக்கொள்கிறார், குளோஸ்டு என்றால் கை நிறைய வேலை இருக்கிறது, ஸ்லாட் என்றால் வரிசையில் உங்களுக்கான இடம். அவ்வளவுதான்.

இது நமக்கொன்றும் புதிதில்லை. பழைய வீடுகளின் கூடத்தில் தாத்தா படம் மாட்டியிருக்கும், ஸ்டூடியோக்காரர் சின்னப் புகைப்படத்தைப் பெரிதாக்கி வண்ணம் தீட்டி, வாழ்நாளில் கோட் போடாத மனிதருக்குக் கோட்டும் போட்டுவிட்டிருப்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். படத்தைப் 'பார்வையாக' ஆக்குவது வரைபவரின் பழக்கம். நீங்கள் தடுக்காவிட்டால் செய்துவிடுவார்கள், பூனைக்கு வாலையும் சேர்த்து.

ஆளைத் தேடுவது

இன்ஸ்டாகிராமில் தேடினால் நூறு பேர் வருவார்கள். ஆனால் முதல்முறை என்றால் நேரில் பார்த்துப் பேசக்கூடிய ஒருவரைத் தேடுங்கள் என்பேன், ஏனென்றால் காகிதத்தைக் கையில் பிடித்துப் பார்த்தால் ஒழிய ஒருவரின் தரம் தெரியாது. திரையில் எல்லாப் படமும் பளபளவென்றுதான் இருக்கும்.

கோலாலம்பூரில் இருப்பவர்களுக்குப் பசார் செனி நல்ல தொடக்கம். 1888இல் மீனும் காய்கறியும் விற்கும் சந்தையாகத் தொடங்கிய இடம், 1980களில் கலைப்பொருள் சந்தையாக மாறியது. அதன் இணைப்புக் கட்டடப் பக்கம் ஆள் முகம் வரைகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், புகைப்படத்தைப் பார்த்தும் வரைவார்கள். ஒரு மணி நேரம் பக்கத்தில் நின்று, ஒருவர் எப்படி வேலை செய்கிறார் என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். இன்னும் இளசான, கார்ட்டூன் பாணியில் வேண்டுமென்றால் ஆண்டு இறுதியில் நடக்கும் காமிக் ஃபியஸ்டா என்ற கார்ட்டூன் ரசிகர் விழாவில் வரிசையாக மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் பேசிப் பாருங்கள், அங்கேயே ஆர்டர் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கூட்டம் மட்டும் தாங்காது.

நான் பினாங்குக்காரன். இங்கே எனக்குப் பிடித்த இடம் ஜாலான் குருத்துவாராவில் இருக்கும் ஹின் பஸ் டிப்போ. பெயருக்கேற்றபடி ஒரு காலத்தில் பேருந்துகள் நின்ற இடம், 2014இலிருந்து கலைக்கூடம். ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தை போடுவார்கள், கைவேலை செய்கிறவர்களும் ஓவியர்களும் வருவார்கள். சம்பாலின் இரண்டாவது படத்தை வரைந்த பெண்ணை அங்கேதான் பிடித்தேன். பக்கத்திலேயே ஜார்ஜ்டவுன் சந்துகளில் சுற்றினால் சுவரில் பூனை ஓவியங்களைப் பார்க்கலாம். 2013இல் தெருவிலங்குகள்மேல் கவனத்தைத் திருப்பவென்று சில ஓவியர்கள் சேர்ந்து '101 தொலைந்த பூனைக்குட்டிகள்' என்ற பெயரில் வரைந்தவை அவை. வெயிலிலும் மழையிலும் மங்கிப்போனவைதான், இருந்தாலும் ஒரே பூனையை எத்தனை பாணியில் வரையலாம் என்று பார்க்க இலவசப் பாடம்.

ஆளைப் பிடித்ததும் அவருடைய பழைய வேலைகளில் மூன்றைப் பாருங்கள். ரோமம் எப்படி வருகிறது, கண்ணில் ஈரம் தெரிகிறதா, இரண்டு வேறு வேறு நாய்களை வரைந்தால் அவை இரண்டு வேறு நாய்களாகத் தெரிகின்றனவா. மூன்றாவதுதான் முக்கியம். சிலர் எந்த நாயை வரைந்தாலும் அவர்களுக்குத் தெரிந்த ஒரே நாய்தான் வரும். மனித முகம் அற்புதமாக வரைகிறவர் பூனை முகத்தில் தடுமாறுவார், அதனால் நீங்கள் கேட்கும் பிராணியை முன்பு வரைந்திருக்கிறாரா என்று நேராகக் கேளுங்கள். இன்னொன்று, ஒருவரின் பாணி பிடிக்கவில்லை என்றால் அவரிடம் போய், "அவர் மாதிரி வரைஞ்சு கொடுங்க" என்று இன்னொருவர் படத்தை நீட்டாதீர்கள். அந்த அவரிடமே போங்கள்.

கணினியில் வரைபவர் என்றால் இப்போதெல்லாம் இன்னொரு சோதனையும் தேவைப்படுகிறது. செயற்கை நுண்ணறிவில் ஒரு நொடியில் உருவாக்கிய படத்தைக் கையால் வரைந்தது என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். விலையைக் குறைத்துச் சொல்லி, மூன்று மணி நேரத்தில் தருகிறேன் என்பார்கள். வரையும்போது இடையிடையே படம் அனுப்புவீர்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஐபேடில் புரோகிரியேட் செயலியில் வரைகிறவர்களுக்கு, கோடு போட்டதிலிருந்து முடித்தது வரை அந்தச் செயலியே காணொளியாகப் பதிந்துகொள்ளும். உண்மையாக வரைகிறவர் அதைச் சந்தோஷமாகக் காட்டுவார். மழுப்புகிறவரை விட்டுவிடுங்கள்.

புகைப்படம்: இங்கேதான் படம் பாதி முடிகிறது

ஓவியர் வரையப்போவது உங்கள் பூனையை இல்லை, நீங்கள் அனுப்பும் புகைப்படத்தை. இது உறைக்க எனக்கு ஒரு படம் வீணாக வேண்டியிருந்தது.

நாம் நின்றுகொண்டு கீழே இருக்கும் பிராணியை எடுப்போம். அப்படி எடுத்தால் தலை பெரிதாகவும் கால் சூம்பியும் தெரியும். தரையில் படுத்து, அதன் கண்ணுக்கு நேராகக் கைப்பேசியைப் பிடியுங்கள். ரொம்பக் கிட்டே போனால் மூக்கு உப்பிப் போய்விடும், அதனால் இரண்டடி பின்னால் போய்க் கொஞ்சம் ஜூம் செய்து எடுப்பது நல்லது. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். நாய் பூனைகளின் கண்ணுக்குள் பின்புறத்தில் ஒளியைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் இருக்கிறது, மங்கிய வெளிச்சத்தில் அவற்றுக்குப் பார்வை நன்றாகத் தெரிய அதுவும் ஒரு காரணம், ஃபிளாஷ் அடித்தால் அந்தப் படலம்தான் பச்சையாக மின்னும், கண்ணின் உண்மையான நிறம் தெரியாது. வீட்டு வாசலிலோ ஐந்தடி நடைபாதையிலோ காலை வெளிச்சம் நேரடி வெயில் இல்லாமல் விழும் இடம் இருக்குமே, அங்கே எடுங்கள்.

பூனை என்றால் கண்மணியையும் யோசிக்க வேண்டும். நல்ல வெளிச்சத்தில் அது கோடு மாதிரி ஒடுங்கி, பார்க்கக் கொஞ்சம் கோபக்காரத்தனமாக இருக்கும். மங்கிய வெளிச்சத்தில் வட்டமாக விரிந்து குழந்தை முகமாகிவிடும். எந்தச் சம்பால் உங்கள் சம்பால்? அதற்கேற்ற நேரத்தில் எடுங்கள்.

நிறம் அடுத்த தலைவலி. மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்தால் வெள்ளைப் பூனையும் பருப்புத் தண்ணீர் நிறத்தில் வரும். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பினால், தாள் எவ்வளவு மஞ்சளாகத் தெரிகிறது என்று பார்த்து ஓவியர் கணக்குப் போட்டுக்கொள்வார். கறுப்பு நாய் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம். சென்தூலில் இருக்கும் என் தங்கையின் பிளாக்கி, பெயர்தான் பிளாக்கி, வெயிலில் நிறுத்தினால் முதுகில் செம்பழுப்பு ஓடும். வீட்டுக்குள் எடுத்த படங்களில் எல்லாம் அது இரண்டு கண் உள்ள கறுப்புத் துளைதான்.

எடுத்த படத்தைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) சாதாரணமாக அனுப்பினால் சுருக்கிக் கெடுத்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், அல்லது கூகிள் டிரைவில் போட்டு இணைப்பைக் கொடுங்கள். முகம் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழு உடம்பு ஒன்று, அப்புறம் விசேஷ அடையாளங்கள் கிட்டேயிருந்து. எட்டுப் பத்து படங்கள் போதும். கேலரியில் இருக்கும் இருநூறையும் அள்ளிக் கொட்டாதீர்கள், எதைப் பார்ப்பது என்று தெரியாமல் அவர் விழிப்பார்.

பிராணி இறந்துபோயிருந்தால் புதிதாக எடுக்க வழியில்லை. பிளாக்கிக்கு அப்படித்தான் ஆயிற்று. தங்கை வீட்டார், பக்கத்து வீட்டுப் பையன், தீபாவளிக்கு வந்துபோன சொந்தக்காரர்கள் என்று எல்லாரிடமும் கேட்டதில், யாரோ எடுத்த குடும்பப் படத்தின் மூலையில் அது காதை ஒரு பக்கம் சாய்த்து உட்கார்ந்திருந்தது கிடைத்தது. அந்தக் காதுதான் கடைசியில் ஓவியத்தில் வந்தது. ஒரு படத்திலிருந்து முகம், இன்னொன்றிலிருந்து உட்காரும் விதம் என்று எடுத்துச் சேர்த்து வரைய நல்ல ஓவியர்களால் முடியும், ஆனால் வேலை கூடுதல், விலையும் கூடும், முன்பே சொல்லிவிட வேண்டும். இணையத்தில் கிடைத்த வேறு யாருடைய புகைப்படத்தையோ, ஸ்டூடியோக்காரர் எடுத்ததையோ பார்த்து வரையச் சொல்வதானால் எடுத்தவரிடம் அனுமதி கேளுங்கள்.

சொல்ல வேண்டியதைச் சொல்வது

ஹின் பஸ் டிப்போவில் கிடைத்த அந்தப் பெண்ணிடம் நான் புகைப்படத்தை நீட்டியதும் அவர் விலை பேசவில்லை. "அண்ணே, இது காதுல ஒரு வெட்டு இருக்கே, போட்டோவுல குறையா, நெசமாவே இருக்கா?" என்று கேட்டார். நிஜம்தான். சம்பால் தெருவிலிருந்து வந்தது, கருத்தடை செய்த தெருப்பூனை என்று அடையாளம் தெரியக் காது நுனியை வெட்டியிருந்தார்கள். "அப்ப அது வேணுமா, வேணாமா?" வேண்டும் என்றேன். "வாலு?" வாலும் வேண்டும், அந்தக் கோணலோடு. "வீட்டுல எங்க படுத்துக்கும்? உங்களப் பார்த்தா கண்ண மூடுமா, முறைக்குமா?" இப்படியே கால் மணி நேரம். இந்தப் படம் சரியாக வரும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

எல்லா ஓவியரும் இப்படிக் கேட்க மாட்டார்கள். கேட்காவிட்டால் நீங்களே எழுதிக் கொடுங்கள், பத்து வரி போதும். எதை மாற்றக்கூடாது என்பதை முதலில் எழுதுங்கள்: மடங்கிய வால், உடைந்த பல், மூக்கில் இருக்கும் கறுப்புப் புள்ளி, ஒரு கண்ணில் வெண்படலம். எதை எடுத்துவிட வேண்டும் என்பதை அடுத்து எழுதுங்கள்: கழுத்துப் பட்டை, கண்ணோரப் பீளை, பின்னால் தெரியும் துணி காயப்போடும் கம்பி. பிறகு பின்னணி, நிறம், அளவு, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பது. "பாசமான பிராணி", "ரொம்ப ஸ்மார்ட்" என்பதெல்லாம் ஓவியருக்கு உதவாது. "அரிசி வாளிமேல் ஏறி உட்கார்ந்து எல்லாரையும் வேலைக்காரர்கள் மாதிரி பார்க்கும்" என்றால் உதவும்.

எதில் வரைவது

பென்சில் மலிவு, சீக்கிரம் முடியும், வயதான நாயின் நரைத்த முகத்துக்கு அவ்வளவு பொருத்தம். நீர்வண்ணம் மென்மையாக வரும், ஆனால் வெயில் பட்டால் சில நிறங்கள் மங்கிவிடும், கண்ணாடி போட்டே ஆக வேண்டும். அக்ரிலிக் சீக்கிரம் காயும், திரைச்சீலையில் வரைந்தால் கண்ணாடி தேவையில்லை, நம் ஊர் வீடுகளுக்கு எனக்குத் தெரிந்து அதிகம் தொல்லை தராதது அதுதான். தைலவண்ணம் ராஜகளையாக இருக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் தொட்டுப் பார்க்கும் அளவுக்குக் காய்வதற்கே நாட்கணக்கிலிருந்து வாரக்கணக்கு ஆகும், உள்ளே முழுக்க இறுக ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை பிடிக்கும், வழக்கமான வார்னிஷ் அதற்குப் பிறகுதான். அடுத்த மாதம் பிறந்தநாள் பரிசு என்று தைல ஓவியம் கேட்டால் ஈரப் படத்தைத்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

கணினி ஓவியம் என்றால் உங்களுக்குக் கிடைப்பது கோப்பு. அச்சடிப்பது உங்கள் பொறுப்பா, அவர் பொறுப்பா என்று கேளுங்கள். ஏ4 அளவில் தெளிவாக அச்சடிக்க 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 2480க்கு 3508 பிக்சல் வேண்டும், ஏ3 என்றால் 3508க்கு 4961. சின்னதாக வரைந்ததைப் பிறகு இழுத்துப் பெரிதாக்கினால் கலங்கிப்போகும், அதனால் எந்த அளவில் மாட்டப்போகிறீர்கள் என்பதை வரைவதற்கு முன்பே சொல்லுங்கள், பின்னால் சொல்லிப் பயனில்லை.

விலை

பூனைக்கு யார் மணி கட்டுவது என்ற கதைதான். நமக்குக் கேட்கக் கூச்சம், ஓவியருக்குச் சொல்லக் கூச்சம். நீங்களே கட்டிவிடுங்கள்: "என்கிட்ட இவ்வளவுதான் இருக்கு, இதுக்குள்ள என்ன முடியும்?" என்று கேட்பதில் ஒரு தப்பும் இல்லை.

முகம் மட்டும் என்றால் ஒரு விலை, மார்பு வரை என்றால் கூடுதல், முழு உடம்பு இன்னும் கூடுதல். இரண்டாவது பிராணி சேர்ந்தால், பின்னணியில் வீடு வாசல் வந்தால், அவசரம் என்றால் எல்லாவற்றுக்கும் தனித்தனியே ஏறும். ஏ3 என்பது ஏ4ஐப்போல் இரண்டு மடங்கு பரப்பு, அதனால் விலை கூடும்போது அதிர்ச்சியடையாதீர்கள். சம்பாலின் இரண்டாவது படம், ஏ4 நீர்வண்ணம், முழு உடம்பு, 320 வெள்ளி. பிளாக்கி அக்ரிலிக்கில் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். நீங்கள் வேறு விலை கேட்பீர்கள், ஆளுக்கு ஆள் மாறும்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பேரம் பேசுவதுபோல் பேசாதீர்கள். "ஒரு படம்தானே, அரை நாள் வேலை" என்பதும், "நம்ம ஆளுதானே, பார்த்துப் போட்டுக் கொடுங்க" என்பதும் எனக்குக் கேட்கவே சங்கடமாக இருக்கும் வாக்கியங்கள். நம்மவர் என்றால் முழு விலை கொடுப்பதல்லவா முறை? கையில் காசு குறைவென்றால் விலையைக் குறைக்காதீர்கள், படத்தைக் குறையுங்கள். முழு உடம்புக்குப் பதில் முகம், வண்ணத்துக்குப் பதில் பென்சில். ஓவியரும் மனத்தாங்கல் இல்லாமல் ஒத்துக்கொள்வார்.

பணம் கொடுப்பதற்கு முன் புலனத்தில் ஒரே செய்தியாக எல்லாவற்றையும் எழுதி அனுப்பி, "சரி" என்று அவரிடம் பதில் வாங்குங்கள். அளவு, எதில் வரைவது, மொத்த விலை, முன்பணம் எவ்வளவு, எத்தனை முறை திருத்தம் கேட்கலாம், முடியும் தேதி, அனுப்பும் செலவு யாருடையது, இடையில் நிறுத்தினால் முன்பணம் திரும்புமா. ஒப்பந்தம் என்று பெரிய பெயரெல்லாம் வேண்டாம், அந்தச் செய்திதான் ஒப்பந்தம். பாதி முன்பணம், பாதி முடிந்த பிறகு என்பது இருவருக்கும் நியாயமான ஏற்பாடு. நான் செய்ததுபோல் முழுப் பணத்தையும் முதலிலேயே கட்டிவிட்டால் திருத்தம் கேட்கும்போது நம் குரல் தானாகவே இறங்கிவிடும்.

தெரியாதவருக்குப் பணம் போடும்போது அவருடைய வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் ஒரு முறை போட்டுப் பாருங்கள், அந்த எண்ணின்மேல் ஏற்கெனவே புகார் இருந்தால் காட்டும். அரை நிமிட வேலை. டுயிட்நவ் என்ற வங்கிப் பரிமாற்றச் சேவையில் பணம் அனுப்பும்போது திரையில் வரும் பெயர் ஓவியர் சொன்ன பெயர்தானா என்றும் பாருங்கள். மோசடி என்று தெரிந்தால் விடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் உடனே மோசடிப் புகாருக்கான 997க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் பிடித்தால்தான் உண்டு.

தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், டிசம்பர், இந்த நாலு சமயத்திலும் ஓவியர்கள் கழுத்துவரை வேலையில் இருப்பார்கள், கூரியரும் தாமதமாகும். பரிசாகக் கொடுப்பதானால் மூன்று மாதம் முன்பே பேசி இடம் பிடியுங்கள்.

கோட்டுப்படம் வந்ததும்

வண்ணம் தொடுவதற்கு முன் பென்சில் கோட்டுப்படம் அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்து "சூப்பர்" என்று கட்டைவிரலைத் தூக்கி அனுப்பிவிட்டு, வண்ணம் முடிந்தபின், "முகத்தைக் கொஞ்சம் திருப்ப முடியுமா?" என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். நீர்வண்ணத்தில் திருப்ப முடியாது. திருப்ப வேண்டுமென்றால் புதிதாக வரைய வேண்டும், அதற்குப் புதிதாகப் பணம் கொடுக்க வேண்டும்.

கோட்டுப்படம் வந்தால் ஒரு ராத்திரி வைத்திருங்கள். வீட்டில் எல்லாருக்கும் காட்டுங்கள், முக்கியமாகச் சோறு போடுகிறவருக்கு. இரண்டு கண்ணுக்கு நடுவே இருக்கும் தூரம், மூக்கின் நீளம், காது நிற்கும் இடம், இந்த மூன்றும் சரியாக இருந்தால் மற்றது வந்துவிடும். திருத்தம் சொல்லும்போது, "ஏதோ நம்ம பூனை மாதிரி இல்லை" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? புகைப்படத்தையும் கோட்டுப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடத்தில் வட்டம் போட்டு, "இங்கே கன்னம் இன்னும் ஒடுங்கியிருக்கும்" என்று சொல்லுங்கள். எல்லாத் திருத்தத்தையும் ஒரே தடவையில் சொல்லுங்கள், தினமும் ஒன்று என்று சொட்டுச் சொட்டாக வேண்டாம். மீசை இன்னும் இல்லையே என்று பதறாதீர்கள், அதைப் பெரும்பாலும் கடைசியில்தான் போடுவார்கள்.

படம் யாருக்குச் சொந்தம்

காகிதம் உங்களுடையது. அதன் பதிப்புரிமை? இங்கே நம் நாட்டுச் சட்டம் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறது. 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆவது பிரிவுப்படி, பணம் கொடுத்து வரையச் சொன்ன படத்தின் பதிப்புரிமை வரையச் சொன்னவருக்கு மாறியதாகவே கருதப்படும், வேறு மாதிரி நீங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டால் ஒழிய. அந்தக் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். வெளிநாட்டு ஓவியர்களின் விதிமுறைகளைப் பார்த்து, 'உரிமை ஓவியருக்கே' என்று தங்கள் பக்கத்தில் எழுதி வைத்திருக்கும் உள்ளூர் ஓவியர்கள் உண்டு. அதைப் படித்துச் சரி என்று சொல்லிவிட்டால் அதுதான் செல்லும்.

வீட்டில் மாட்டிப் பார்க்க மட்டும் என்றால் இதில் எனக்குப் பெரிய கவலை இல்லை, ஓவியரிடமே இருக்கட்டும் என்றுகூடச் சொல்லிவிடுவேன். டீ சட்டையில் அச்சடித்து விற்கவோ, பூனை உணவுக் கடைக்குச் சின்னமாக வைக்கவோ நினைத்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள், விலை வேறாகும். உரிமை உங்களிடமே இருந்தாலும் ஓவியரின் பெயரை மறைப்பதும், படத்தை அவர் பெயர் கெடும்படி சிதைப்பதும் கூடாது, அது வேறு பிரிவில் அவருக்குத் தனியாக உள்ள உரிமை. உங்கள் படத்தைத் தம் பக்கத்தில் அவர் போடலாமா என்பதையும் அதே செய்தியில் பேசி முடித்துவிடுங்கள்.

சண்டை வந்தால்

ஓவியர் காய்ச்சலில் படுத்திருக்கலாம், அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், தனி ஆள்தானே. தேதி தாண்டி ஒரு வாரம் பொறுங்கள், மரியாதையாகக் கேளுங்கள். வாரக்கணக்கில் பதிலே இல்லை, பணமும் திரும்பவில்லை என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் பதியலாம். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரைக்குமான கோரிக்கைகளை எடுப்பார்கள், பொதுவாக வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, மூன்றாண்டுக்குள் பதிய வேண்டும். அங்கே உங்கள் கையில் இருக்க வேண்டியது நான் சொன்ன அந்தப் புலனச் செய்தியும் பணம் கட்டிய ரசீதும்தான். படம் "பிடிக்கவில்லை" என்பதற்காக அங்கே போகாதீர்கள். பேசியபடி இல்லை என்பது வேறு, பிடிக்கவில்லை என்பது வேறு. என் நிமிர்ந்த வால் இரண்டாவது வகை, எதுவுமே பேசியிருக்கவில்லையே.

வீட்டுக்கு வந்த பிறகு

முடிந்தால் நேரில் போய் வாங்குங்கள். கூரியரில் வருவதானால் கண்ணாடி போட்டு அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காகிதப் படத்தை இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே பிளாஸ்டிக் உறையில் வைத்துத் தட்டையாக அனுப்பலாம். பெட்டியைப் பிரிக்கும்போதே காணொளி எடுங்கள், மூலை நசுங்கியிருந்தால் பேச ஆதாரம் இருக்கும்.

படத்துக்குச் சட்டம் (ஃபிரேம்) போடுவதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் நடுவில் பூஞ்சை பிடித்துவிடும். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள், அமிலமில்லாத அட்டையா என்று கேளுங்கள், இல்லையென்றால் சில ஆண்டுகளில் ஓரம் பழுப்பேறும். ஆயத்தமாகக் கிடைக்கும் 30க்கு 40 சென்டிமீட்டர் சட்டங்களில் பெரும்பாலும் உள்ளே ஏ4 அளவுக்கு வெட்டிய மவுண்ட் இருக்கும், பினாங்கில் பத்து கவான் என்ற இடத்தில் இருக்கும் ஐக்கியா கடைப் பக்கம் போகிறவர்கள் அங்கே பார்க்கலாம், தனியாகச் செய்வதைவிட மலிவு. பிற்பகல் வெயில் விழும் சுவர், குளியலறைக்கு அடுத்த சுவர், மழை அடித்தால் ஓதம் ஏறும் வெளிச்சுவர், இந்த மூன்றும் வேண்டாம். சட்டத்தின் கீழ் மூலை இரண்டிலும் பின்பக்கம் சின்னக் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும்.

சாமி அறைக்குப் பக்கத்தில் மாட்டலாமா, இறந்த பிராணி என்றால் மாலை போட வேண்டுமா என்றெல்லாம் எங்கள் வீட்டிலும் பெரிய விவாதம் நடந்தது. அதற்கு என்னிடம் வழிகாட்டி இல்லை, அம்மாவைக் கேளுங்கள். மாலை போடுவதானால் பிளாஸ்டிக் மாலையாகப் போடுங்கள், ஈரப்பூ காகித ஓவியத்துக்கு ஆகாது. மாட்டி ஆறு மாதம் கழித்து ஒரு முறை கழற்றிப் பின்பக்க அட்டையில் கறுப்புப் புள்ளி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றைக்கே சட்டக்கடைக்குக் கொண்டுபோங்கள், வீட்டில் ஈரத்துணி வைத்துத் துடைத்துவிடாதீர்கள்.